முப்பத்தேழாம் எண் ஆட்சேபம்

ஈப்போ லகாட் சாலையில் மீரா சாஹிப்பின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் சங்கத்தின் முழுப் பெயர் 'பேராக் முன்னாள் தோட்ட மக்கள் முகவரிப் பொதுப்பெட்டகம்'. முழுவதையும் சொல்லி முடிப்பதற்குள் கீழே ஒரு ரொட்டி சானாய் வெந்துவிடும். அதனால் பெட்டகம் என்றே சொல்வோம். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது திசைக்கொருவராகப் போன ஜனங்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று 1974இல் தொடங்கினோம். பன்னிரண்டு மர இழுப்பறைகள், அவற்றில் நாலாயிரத்துச் சொச்சம் அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒருவருடைய பெயர், இருந்த தோட்டம், எத்தனையாவது லயம் என்கிற குடியிருப்பு வரிசை, இப்போது எங்கே இருக்கிறார் என்ற விவரம். அட்டைகளைப் பெயர் வரிசையில் அடுக்கியிருந்தோம்.

சுவரில் நான்கு கொள்கைகளை எழுதி மாட்டியிருந்தோம். எவரும் எழுதலாம். எவரும் பார்க்கலாம். எவருக்கும் சம்பளம் இல்லை. ஒருவர் மறுத்தாலும் மாற்றம் இல்லை. முதல் மூன்று கொள்கைகளால் சங்கம் வளர்ந்தது. நான்காவதால் சங்கம் கூடியது, கூடியது, கூடிக்கொண்டே இருந்தது. திறப்பு விழா வாரத்தில் அட்டை கொடுத்த நாற்பத்தொரு பேருக்கும் மறுக்கும் உரிமை உண்டு. நான் பன்னிரண்டாம் எண். தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிற வேலை. மறுக்கும் உரிமை எனக்கு வாழ்க்கையில் வேறெங்கும் கிடைத்ததில்லை என்பதால், அதன்மேல் எனக்குக் கொஞ்சம் ஆசை இருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

1981 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சன்னாசி படியேறி வந்தான். இருபத்து மூன்று வயது. தண்ணீர் இலாகாவில் குழாய் பதிக்கும் தற்காலிக வேலை. நவம்பர் முப்பதுக்குள் குடியுரிமை உள்ளவர்களுக்கான நீல அடையாள அட்டையைக் காட்டினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். அவனிடம் இருந்ததோ குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டை. மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த இரண்டாம் மாதம் தோட்டத்தில் பிறந்தவன் அவன். நியாயமாக நீலமே கிடைக்க வேண்டும். ஆனால் பிறப்பைப் பதியாமலேயே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவும் இல்லை. "நீ இங்கேதான் பிறந்தாய் என்று கண்ணால் பார்த்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வா" என்றார் பதிவு அதிகாரி. அப்படிப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான் மிச்சம் இருந்தார்.

எங்கள் செயலாளர் நவமணி, வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். சன்னாசியை உட்காரச் சொல்லி விசாரித்தார்.

"யாரத் தேடுறீங்க தம்பி?"

"ஆயாவக்கா. புக்கிட் மராங் தோட்டம், மூனாம் லயம். ஆயாக்கொட்டகையில எங்களையெல்லாம் பாத்துக்கிட்டவங்க. பிரசவமும் அவங்கதான் பாப்பாங்க."

"பேரு?"

"ஆயா."

"ஆயாங்கிறது வேலை தம்பி. பேரு என்ன?"

சன்னாசி பதின்மூன்று வயது வரை அந்த அம்மாள் கையால் சோறு தின்றவன். தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் ஆயா. கணக்கெழுதும் கிராணிக்கும் ஆயா, துரைக்கும் ஆயா. பெயர் என்று ஒன்று இருக்கக்கூடும் என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

"சரிக்கா, நானே எல்லா அட்டையையும் பாத்துடறேன். புக்கிட் மராங் மூனாம் லயம்னு போட்டிருந்தா எடுத்துக்கறேன், செய்யலாம்ல?"

"எவரும் பார்க்கலாம். ஆனா பேரச் சொன்னாதான் எடுத்துத் தருவோம். இழுப்பறையக் கெளறக்கூடாது."

அதற்குக் காரணம் இருந்தது. 1975இல் ஒருவர் கிளறியதில் ஓர் இழுப்பறையின் வரிசை குலைந்தது. திரும்ப அடுக்க ஒரு மணி நேரம் போதும். யார் அடுக்குவது என்று ஒருமித்த கருத்துக்கு வரப் பதினொரு மாதம் ஆயிற்று.

"அப்ப லயவாரியா இன்னொரு பட்டியல் போட்டு வைங்களேன். சின்னச் சின்னச் சீட்டு. ஒரு வாரம் லீவு போட்டு நானே எழுதித் தர்றேன்லா."

அறையில் இருந்தவர்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். நவமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது அமைப்பு மாற்றம். முன்மொழிவா வரணும். எண் ஒன்பது."

"மொத எட்டு என்னாச்சுக்கா?"

"பேசிக்கிட்டு இருக்கோம்."

முதல் கூட்டத்திலேயே எல்லோரும் ஒத்துக்கொண்டோம். வினை அங்கேதான் தொடங்கியது. தலைவர் ராமையா எழுந்தார். தோட்டப் பள்ளிகளில் முப்பத்திரண்டு வருடம் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மேடைத் தமிழைத் தவிர வேறு தமிழை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டதில்லை.

"நண்பர்களே! ஒரு யோசனையை எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டால் என்ன பொருள்? எவரும் அதைப் படிக்கவில்லை என்று பொருள். அவசரப்படுகிறவர்கள் முடிவெடுப்பார்கள். நாம் முடிவெடுப்பவர்கள் அல்லர்; ஒருமித்த கருத்தை அடைபவர்கள். அடைவதற்கு முன் சிதற வேண்டும். ஆகவே ஓர் ஆட்சேபகரை நியமிக்கிறேன்."

காம்பார் பிரதிநிதி கார்த்திகேசு நியமிக்கப்பட்டார். அந்த நிமிடம் வரை அவருக்குச் சன்னாசியின் யோசனையில் எந்தக் குறையும் தெரியவில்லை. பதவி வந்ததும் தெரிந்தது.

"லயம் லயம்ங்கிறீங்க, லயத்துக்கு நம்பர் போட்டது யாரு? தொரை. தொரை ஊருக்குப் போயி இருவத்தி நாலு வருசம் ஆச்சி. அவன் போட்ட நம்பர நாம ஏன் தூக்கிக்கிட்டுத் திரியணும்?"

மூன்றாம் வரைவில் லயங்களுக்கு எண்ணை எடுத்துவிட்டுப் பூக்களின் பெயர் வைத்தோம். எந்த லயம் எந்தப் பூ என்று யாருக்கும் தெரியாததால் ஒரு விளக்கப் பட்டியல் சேர்த்தோம். பட்டியலில் பூவுக்கு நேரே பழைய எண்ணைப் போட்டோம். ஐந்தாம் வரைவில் பூக்களை எடுத்துவிட்டோம். கார்த்திகேசு தம் ஆட்சேபத்தை வாபஸ் வாங்கி, அட்டையின் நிறத்தைப் பற்றிப் புதிய ஆட்சேபம் கொடுத்தார்.

சித்தியவானில் மளிகைக் கடை வைத்திருந்த ரஹீம் எதையும் மறுப்பவர் அல்லர். அவருக்குக் கவலையெல்லாம் வருங்காலத்தைப் பற்றி.

"இன்னும் இருவது வருசத்துல எல்லாரும் அடுக்குமாடிக்குப் போயிருவாங்க. சீட்டுல மாடி நம்பருக்கு எடம் விட்டிருக்கீங்களா? கம்ப்யூட்டர்னு ஒன்னு வருதாம் லா. அதுக்கும் ஒரு கட்டம் விடுங்க."

"அந்தக் கட்டத்துல என்ன எழுதறது அண்ணே?" என்று சன்னாசி கேட்டான்.

"அது வந்தப்புறம் அதுவே சொல்லும்."

மாதம் இரண்டு ஞாயிறு கூடினோம். கூட்டம் முடிந்ததும் நவமணி புதிய வரைவைச் சைக்ளோஸ்டைல் எடுத்து நாற்பத்தொரு பேருக்கும் அனுப்புவார். 'சம்மதம்' என்று எழுதியோ பெருக்கல் குறி போட்டோ திருப்பி அனுப்ப வேண்டும். பெரும்பாலோர் 'சம்மதம், ஆனால்' என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதினார்கள். வீடு எந்தத் திசை பார்த்தது, குழாயிலிருந்து எத்தனை அடி, கோழிக்கூடு இருந்ததா, இருந்தால் யாருடையது என்று சீட்டில் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போனது. பதினொன்றாம் வரைவில் சீட்டு இழுப்பறையைவிடப் பெரிதாகிவிட்டது. சீட்டைச் சிறிதாக்குவது பற்றி ஒருவரும் பேசவில்லை. இழுப்பறையைப் பெரிதாக்க ஒரு துணைக்குழு போட்டோம்.

"ஆயாவத் தேடறேன்னு மேல போன," என்றார் மீரா சாஹிப், கீழே சன்னாசியின் முன்னால் தேத்தண்ணியை வைத்து. "அவங்க ஆசாரியத் தேடிக்கிட்டு இருக்காங்க."

ஜூன் மாதம் சன்னாசி நவமணியிடம் தனியாக வந்தான். "அக்கா, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிட்டு வாரேன். நீங்க அட்டையப் படிங்க, நான் எழுதிக்கறேன். யாருக்கும் தெரிய வேணாம்."

நவமணி கதவைச் சாத்திவிட்டு வந்தார். "தைப்பிங்கு கதை தெரியுமா ஒனக்கு? எழுபத்தாறுல ஒருத்தரு அப்படித்தான் தனியா ஒரு பெட்டி வச்சாரு. நம்ம முறை லேட்டாவுதாம். இப்ப தைப்பிங்குல ரெண்டு பெட்டி. புருசன் அட்டை ஒன்னுல, பொண்டாட்டி அட்டை இன்னொன்னுல. ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் இருக்காங்க, பெட்டகத்துக்கு மட்டும் தெரியாது. அது பாவம் தம்பி. வேணாம்."

ஆகஸ்டில் பதினேழாம் வரைவு போயிற்று. நாற்பது சம்மதம் வந்தது. சங்க வரலாற்றில் அது நடந்ததில்லை. கார்த்திகேசு கூடச் சம்மதித்துவிட்டு இரண்டு நாள் சோர்ந்து கிடந்ததாகக் கேள்வி. ஆனால் முப்பத்தேழாம் எண்ணிடமிருந்து ஒரு பெருக்கல் குறி வந்தது. பெரிய, அழுத்தமான குறி. காரணம் எழுதவில்லை.

"காரணம் சொல்லாத ஆட்சேபமே மிக உயர்ந்த ஆட்சேபம்," என்றார் தலைவர். "ஏனெனில் அதை மறுக்க முடியாது."

ஆனாலும் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று விதி இருந்தது. ஆகவே காரணத்தை ஊகிக்க ஒரு துணைக்குழு அமைத்தோம். நானும் அதில் இருந்தேன். பதினொரு காரணங்களை ஊகித்து, பதினொன்றுக்கும் விரிவாகப் பதில் எழுதினோம். எங்கள் பதில்களில் ஆறாவதும் ஒன்பதாவதும் ஒன்றையொன்று மறுத்தன. அதை அடிக்குறிப்பில் ஒப்புக்கொண்டோம். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. அதே பெருக்கல் குறி. இந்தத் தடவை கொஞ்சம் பெரிது.

நவம்பர் பதினைந்தாம் தேதிக் கூட்டத்தில் சன்னாசி எழுந்து நின்றான். பத்து மாதத்தில் அவன் இளைத்துப் போயிருந்தான்.

"சார், இன்னும் பதினஞ்சு நாளுதான் இருக்கு. எனக்கு ஒரே ஒரு ஆளுதான் வேணும். ஒரு அட்டை சார். அது இந்தப் பெட்டியிலதான் எங்கியோ இருக்கு. வேலை போனா எனக்கு வேற ஒன்னும் இல்ல."

தலைவர் உருகிவிட்டார். "தம்பி, உங்கள் அவசரத்தை நாங்கள் முழுமனதோடு உணர்கிறோம். அதை நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்கிறோம்."

நவமணி டைப் அடித்தார்: 'அவசரம் பதிவு செய்யப்பட்டது.'

அப்புறம் தலைவருக்கே ஒரு யோசனை தோன்றியது. முப்பத்தேழாம் எண்ணிடம் சன்னாசியையே தூது அனுப்பலாம். மறுப்பவரை யாரும் மிரட்டிவிடக் கூடாது என்பதால் பெயரைச் சொல்லக் கூடாது; முகவரி மட்டும் உறையின்மேல் இருக்கும், பெயர்ச்சீட்டு ஒட்டிய உறைக்குள் இருக்கும். தூதுவர் தனியே போகக் கூடாது. நடுநிலைப் பார்வையாளர் ஒருவர் உடன் போய், ஒன்பது பக்க வரைவையும் முழுவதுமாக வாசித்துக் காட்ட வேண்டும். அந்த வாரம் எனக்கு லீவு இருந்தது.

லுமுட் பஸ்ஸில் ஏறி ஆயர் தாவாரில் இறங்கி, செம்பனைத் தோட்டத்து ஓரமாக மண் சடக்குப் பாதையில் நடந்தோம். பலகை வீடு. வாசலில் ஒரு அம்மாள் செம்பனை ஓலையைக் கிழித்து விளக்குமாற்றுக்கு ஈர்க்கு எடுத்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய வயது. சன்னாசி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கொஞ்சம் தள்ளி நின்றான். தூதுவர் முதலில் பேசக் கூடாது. நான் வணக்கம் சொல்லி, முகவரியைச் சரிபார்த்து, வாசிக்க ஆரம்பித்தேன்.

அம்மாள் மரியாதையாகக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நான் காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான்காம் பக்கத்தில் கோழிக்கூடு பற்றிய பத்தியில் இருந்தபோது அவர் குரல் கேட்டது.

"ஏய், நீ கருப்பம்மா மவன் இல்ல?"

சன்னாசி அதற்குள் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தான். "ஆயா" என்றான். இருபத்து நான்கு வயது ஆண்பிள்ளை தேம்பித் தேம்பி அழுதான்.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "பத்தி முடியும்வரை குறுக்கிடக் கூடாது" என்றேன். பழக்க தோஷம். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

உறையைக் கிழித்து உள்ளே இருந்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தேழு: இருளாயி. திறப்பு விழாச் சாப்பாட்டுக்கு அக்காள் மகனோடு வந்தவர், அட்டை ஒன்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஏழு வருடமாக 'இ' இழுப்பறையில் அவர் இருந்தார்.

"ஆயா, ஒங்க பேரு இருளாயியா?" என்றான் சன்னாசி, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"ஏன்டா, எனக்குப் பேரு இருக்கக்கூடாதா?"

இருளாயி அம்மாள் மறு பஸ்ஸிலேயே எங்களோடு புறப்பட்டார். பதிவு ஆபீசில், இவன் மெர்டேக்காவுக்கு அப்புறம்தான் பிறந்தான் என்று எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

"மெர்டேக்காவுக்குக் கட்டுன தோரணம் ஆயாக்கொட்டகையில தொங்கிக்கிட்டு இருந்திச்சிங்க. மழை. இவன் அவசரமா வந்துட்டான். கையில நூலு இல்ல. அந்தத் தோரணக் கயிற அத்து, சுடுதண்ணியில போட்டெடுத்துத்தான் இவன் தொப்புளக் கட்டினேன். அவன் வயித்தப் பாருங்க, கொஞ்சம் கோணலாத்தான் இருக்கும்."

அதிகாரி சிரித்துவிட்டார். சட்டையைத் தூக்கச் சொல்லவில்லை. முத்திரையை எடுத்துக் குத்தினார். நீல அட்டை வரும்வரை காட்ட ஒரு சீட்டுக் கொடுத்தார். தண்ணீர் இலாகா அதை ஏற்றுக்கொண்டது. தேதி நவம்பர் இருபத்தேழு.

டிசம்பர் முதல் ஞாயிறு, சங்கத்துக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று இருளாயி அம்மாளே விரும்பி வந்தார். சன்னாசி ஒரு பெட்டி பழம் வாங்கி வந்தான். தலைவர் ராமையா அன்றைக்குப் பேசியது போல் என்றைக்கும் பேசியதில்லை.

"நண்பர்களே! நம் முறையைப் பழித்தவர்கள் இன்று எங்கே? பெட்டகம் இல்லையேல் முன்மொழிவு இல்லை. முன்மொழிவு இல்லையேல் ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம் இல்லையேல் தூது இல்லை. தூது இல்லையேல் இந்த இளைஞர் தம் ஆயாவைக் கண்டிருக்க முடியுமா? நாம் மட்டும் ஜனவரியிலேயே ஒத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!"

நாங்கள் எண்ணிப் பார்க்காமல் கைதட்டினோம். தேடியவர் கிடைத்துவிட்டதால் முன்மொழிவு ஒன்பதின் தேவை நீங்கிவிட்டது, ஆகவே அதை முடித்துவைக்கிறோம் என்று தலைவர் அறிவித்தார். அதற்கு யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை.

"ஒரு சம்பிரதாயம் பாக்கி இருக்கு," என்றார் நவமணி. "ஆட்சேபத்துக்குக் காரணத்தக் குறிப்புல போடணும். ஏம்மா வேணாம்னு போட்டீங்க?"

கார்த்திகேசு காதைத் தீட்டிக்கொண்டார். எங்கள் பதினொன்றில் எது என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆவலாக இருந்தது.

இருளாயி அம்மாள் கூச்சத்தோடு சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"பெரிய காரணமெல்லாம் ஒன்னுமில்லம்மா. அக்கா மவன் வாசிச்சிக் காட்டுவான். லயத்த வச்சி ஆள எப்படித் தேடிப் புடிக்கறதுன்னு பக்கம் பக்கமா எழுதியிருந்திச்சி. எனக்கு வந்த கடுதாசி, என்னையத்தான் சொல்றாங்கன்னு நெனச்சேன். என்னைய யாரு தேடப் போறா? எனக்குன்னு புள்ளகுட்டி இல்ல. பொறந்த புள்ளைங்கள அவங்கவங்க ஆத்தா கையில குடுத்தாச்சி, அதோட சரி. யாரும் தேடாத ஒருத்திக்காவ இத்தன பேரு ஒக்காந்து எழுதிச் சிரமப்பட வேணாமேன்னுதான் போட்டேன். நீங்க மறுபடியும் அனுப்புனீங்க. புரியலபோலன்னு கொஞ்சம் பெருசாப் போட்டேன்."

ரஹீம் தலையைக் குனிந்துகொண்டார். சன்னாசி ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு வெட்கமாக இருந்தது. பதினொரு காரணம் எழுதிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

தலைவர் மேசையைச் சுற்றி வந்து, ஒரு நாற்காலியை இழுத்து இருளாயி அம்மாளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"நவமணி, இது குறிப்புல வேணாம்மா," என்றார்.

அப்புறம் அவர் பேசியது மேடைத் தமிழ் இல்லை.

"நாப்பத்தெட்டுல புக்கிட் மராங்லதான் நான் மொதமொதல்ல வாத்தியாரா வந்தேன். வந்த மாசமே மஞ்சக்காமாலை. யாரும் கிட்ட வரல. மூனாம் லயத்துலேருந்து ஒரு அம்மா தெனம் கஞ்சி கொண்டாந்து வச்சிட்டுப் போவும். நாப்பது நாளு. தெனம் நூத்திப்பத்துப் புள்ளைங்க பேரப் படிச்சிக் கூப்புட்டவன் நானு. அந்தம்மாகிட்ட ஒங்க பேரு என்னான்னு ஒரு நாளும் கேக்கத் தோணல. கடைசி வீடு. அது ஒன்னுதான் தெரியும். அது யாருன்னு நீங்க சொல்ல முடியுமாம்மா?"

இருளாயி அம்மாள் கண்ணை மூடி யோசித்தார்.

"எந்தக் கடைசிங்க வாத்தியாரே? கொழாப் பக்கமா, கோயில் பக்கமா?"